தொடங்கும் பொத்தான்

ஆறு வருடமாகப் பேசாத தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறான் என்றால் ஒரு மனிதன் என்ன செய்வான்? வீட்டை ஒட்டடை அடிப்பான். இல்லாவிட்டால் கோழி வாங்கப் போவான். ஒன்றுமே தோன்றாவிட்டால் வாசலில் நின்று வானத்தையாவது பார்ப்பான். புவனேந்திரன் டிவிக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார்.

அவர் மனைவி சிவசக்திக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது. பாலர் பாடசாலையில் வருடக்கணக்காகப் பிள்ளைகளை மேய்க்கிறவள் அவள். பயந்த பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளியும். அல்லது பெரிய வேலை இருக்கிற மாதிரி பென்சில் பெட்டியைத் திறந்து திறந்து மூடும். பதுளை பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருக்கிற தன் வீட்டுக்காரருக்கும் அதே வழிதான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

போன கிழமை பண்டாரவளையிலிருந்து ஜெயந்தினி போன் எடுத்து, "ஞாயித்துக்கெழம வர்றோம் அக்கா. அவரும் சரின்னுட்டாரு" என்று சொல்லியிருந்தாள். ஜெயந்தினி ரஜீவின் மனைவி. ரஜீவ் புவனேந்திரனின் ஒரே தம்பி. கத்தாரிலிருந்து வந்து இரண்டு மாதமாக மாமனார் வீட்டில் இருக்கிறான். பண்டாரவளைக்கும் பதுளைக்கும் பஸ் ஏறி இறங்குகிற தூரம்தான். அந்தத் தூரத்தைத் தாண்ட அவனுக்கு இத்தனை காலம் பிடித்தது.

போன் வந்த மறுநாள் வேலை முடிந்து வரும்போது புவனேந்திரன் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தார். பழைய டிவி கேம் எல்லாம் அதற்குள் இருக்கிறதாம். டிவியில் செருகினால் போதுமாம். செருகினார். படம் வந்தது, பாட்டும் வந்தது. பிடித்து ஆடத்தான் கையில் ஒன்றும் இல்லை.

"பஸாருக்குப் போயிட்டு வருவோம். கொன்ட்ரோலர் வாங்கணும்" என்றார் டிவிக்குப் பின்னாலிருந்து.

"ஒங்க தம்பி சாப்பிட வர்றான். வெளையாட இல்ல."

"சாப்பிட்டதுக்கப்புறம் என்னா பேசறது?"

சிவசக்தி கோழியை மசாலா தடவி மூடி வைத்துவிட்டுச் சேலை மாற்றிக்கொண்டாள்.

பேச என்ன இருக்கிறது என்பது இருவருக்கும் தெரியும். மாமியார் மாரியாயி பசறைப் பக்கத் தோட்டத்தில் கண்ணை மூடியது ஓர் ஐப்பசி மழையில். அவர்கள் குடும்பத்து வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைக்க வேண்டும், தாய்க்கு இளையவன். ரஜீவ் தோஹாவில் விமானம் ஏறி, கட்டுநாயக்காவில் இறங்கி, வேன் பிடித்து வந்துகொண்டிருந்தான். வழியில் பெரகலையில் மண் சரிந்து பாதை அடைபட்டது. அவன் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தபோது சுடுகாட்டில் புகைதான் மிச்சமிருந்தது. கொள்ளி வைத்த புவனேந்திரன் மொட்டைத் தலையோடு எதிரில் நின்றார். ரஜீவ் அவர் முகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசாமல் வந்த வேனிலேயே திரும்பிப் போனான்.

பெரகலையிலிருந்து அவன் போன் எடுத்தது சிவசக்திக்கு. "அண்ணி, பாதையத் தொறந்துட்டாங்க. வந்துக்கிட்டே இருக்கேன். அண்ணேகிட்ட சொல்லுங்க" என்றான். ஆண்கள் எல்லாரும் அதற்குள் பாடையோடு இறங்கிப் போயிருந்தார்கள். பெண்கள் போகிற இடமல்ல அது. அவள் லயத்து வீட்டு வரிசையின் கோடியில் நின்று கத்தினாள். மழைச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. இன்னும் இரண்டு எட்டு இறங்கிப் போயிருக்கலாமே என்று நினைக்காத நாள் அவளுக்குக் குறைவு.

ஆகவே இன்றைக்கு விஷயம் இதுதான். ரஜீவ் இந்த வீட்டில் கை நனைத்து, முகம் கோணாமல் எழுந்து போனால், மறுபடியும் வருவான். கோணிப் போனால் அண்ணன் தம்பி உறவு அத்தோடு சரி. அவ்வளவு பெரிய விஷயத்தை இந்த மனிதர் ஒரு விளையாட்டுச் சாமானில் கொண்டுபோய்க் கட்டுகிறாரே என்பதுதான் சிவசக்தியின் எரிச்சல்.

கேம் சாமான் விற்கிற ஸனூஸின் கடை பஸாரில் ஒரு புடவைக் கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. அவர் அப்போதுதான் கடையைத் திறந்து கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டைம்கீப்பர். பெரஹர ஊர்வலம் பாக்கப் போற மாதிரி ரெண்டு பேருமா வந்தீக்கிறீங்க?"

புவனேந்திரன் கறுப்புப் பெட்டியைப் பற்றிச் சொன்னார். ஸனூஸ் தலையை ஆட்டிவிட்டு மூன்று விதம் எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். மூலையில் இருந்த டிவியையும் போட்டுவிட்டார். புடிச்சுப் பாருங்க, புடிச்சுப் பாக்காம இதெல்லாம் வாங்கவே கூடாது என்றார்.

முதலாவதில் வயர் கிடையாது. இரண்டு கட்டைவிரலுக்கும் இரண்டு குமிழ், ஓரமெல்லாம் பொத்தான். புவனேந்திரன் வாங்கி ஆடிப் பார்த்தார். டிவிக்குள் ஒரு சின்ன மனிதன் ஓடினான், குழி வந்தது, விழுந்தான். மறுபடி ஓடினான், மறுபடி விழுந்தான்.

"லேட்டாகுது" என்றார் புவனேந்திரன், டிப்போவில் சொல்கிற அதே குரலில். "நான் அமுக்குனதுக்கு அப்புறமாத்தான் இவன் பாயுறான்."

"ஒரு நூலளவு லேட்டு. ஆரும் கவனிக்க மாட்டாங்க."

"தம்பி கவனிப்பான்."

சிவசக்தி திரும்பிப் பார்த்தாள். ஆறு வருடத்தில் அந்த வாயிலிருந்து ‘தம்பி’ என்ற சொல்லை அவள் கேட்டதில்லை. அவரோ ஒன்றும் நடக்காதது போல அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டாவதை எடுத்தார்.

அது பலகை மாதிரி கனமானது. நடுவில் உருண்டைத் தலை வைத்த ஒரு தடி.

"இது பஸ் கியர் மாதிரியே இருக்கே, இத வாங்குங்க. டிப்போவுக்கும் கொண்டு போகலாம்" என்றாள் சிவசக்தி.

ஸனூஸ் சிரித்தார். "இதுக்கு உசரமான மேச வேணும் அக்கா. மடியில வெச்சா வழுக்கிக்கிட்டே போகும். ஒங்களுக்குத் தோதானது இதுதான்" என்று மூன்றாவதை நகர்த்தினார்.

மூன்றாவது ஒரு சோடி. சாம்பல் நிறம், நீள வயர், ஓரம் உருண்டு கைக்கு இதமாக இருந்தது. நான்கு திசைக்குமான சிலுவைப் பொத்தான் அமுக்கிய பக்கமே போனது. இடது பக்கம் அமுக்கினால் மேலே தாவுகிற கோணல் புத்தி அதற்கு இல்லை. புவனேந்திரன் ஆடினார், சின்ன மனிதன் குழியைத் தாண்டினான். சிவசக்தியும் மற்றதை எடுத்துப் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் அச்சு அசல் ஒன்று. இவள் பிடித்தது அவருடையதா, அவர் பிடித்தது இவளுடையதா என்று யாரும் கேட்க முடியாது. சண்டைக்கு இடமில்லாத சாமான். பாலர் பாடசாலையில் அவள் எதை வாங்கினாலும் அப்படித்தான் வாங்குவாள்.

"இதையே கட்டுங்க" என்றாள்.

புவனேந்திரன் அசையவில்லை. "பழைய மாதிரி வராதா? தட்டையா, மூல உள்ளங்கையில குத்துமே. அது."

ஸனூஸ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உள்ளே போய் எதையோ உருட்டினார். தூசி படிந்த ஒரு பெட்டியோடு வந்தார். "பழச அப்படியே பாத்துச் செஞ்சது. ஆசைக்கு வாங்குவாங்க, ஆடுறதுக்கு வாங்க மாட்டாங்க. கை நோகும்."

செங்கட்டி மாதிரி இரண்டு சதுரம். புவனேந்திரன் பெட்டியைத் திறந்ததும் அவர் முகம் மாறியதை சிவசக்தி பார்த்தாள். அவரும் ரஜீவும் சின்ன வயதில் ஆடியது இப்படி ஒரு சோடியில்தான் என்று மாமியார் சொல்லிக் கேட்டிருக்கிறாள். லயத்து டிவியில், பேட்டரி தீரும்வரைக்கும் ஆடுவார்களாம். அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். ஒன்றில் நடுவில் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருந்தன. மற்றதில் அந்த இடம் மொட்டையாக இருந்தது.

"இதுல ரெண்டு பொத்தானக் காணலியே. பழுதா?"

"பழுதில்ல அக்கா. அது ரெண்டாவது ஆளுக்குரியது. ஆட்டத்தத் தொடங்குறது, நடுவுல நிப்பாட்டுறது எல்லாம் மொதலாவது ஆள்ட கையிலதான். மத்தவரு கூட ஆடலாம், அவ்வளவுதான். அந்தக் காலத்துல அப்படித்தான் செஞ்சாங்க."

"வீட்டுல மொதலாவது யாரு புடிச்சீங்க?" என்று கணவனைக் கேட்டாள்.

"நான்தான்."

"எப்பவுமா?"

"மூத்தவன் நான்தானே" என்றார் புவனேந்திரன். இதிலென்ன கேள்வி என்கிற முகம்.

சிவசக்தி சாம்பல் நிறச் சோடியைக் காட்டினாள். "அது நல்லா இருக்கு. ரெண்டும் ஒண்ணு. அத வாங்குங்க."

"இதுதான் வேணும்."

"கை நோகும்னு அவரே சொல்றாரு."

"இதுதான் வேணும் சக்தி."

ஸனூஸ் கெட்டிக்காரர். கணவன் மனைவிக்கு நடுவில் வாய் வைக்காமல் பில் போடப் போய்விட்டார். சிவசக்தி முதல் ஆளாக வெளியே நடந்தாள். பாதிப் படி இறங்கியதும் நின்றாள்.

"அன்னைக்கும் நீங்கதான் தொடங்குனீங்க. அவன் வந்துக்கிட்டு இருக்கையிலேயே தொடங்குனீங்க. இப்ப வீடு தேடி வர்றவன் கையில அந்த மொட்டையக் குடுத்து ஒக்கார வைக்கப் போறீங்களா? கொஞ்சமாச்சும் மனசு இருக்கா ஒங்களுக்கு?"

புடவைக் கடைப் பெண்பிள்ளை நிமிர்ந்து பார்த்தாள். புவனேந்திரன் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். ஹாலிஎல பஸ் வந்தது, ஏறினார்கள். வீட்டு இறக்கத்தில் இறங்கும்வரை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

அதற்குப் பிறகு அடுப்படியில் சட்டிகள் வழக்கத்தைவிடப் பலமாகச் சத்தம் போட்டன. கோழிக் குழம்பு, உருளைக்கிழங்குப் பிரட்டல், பருப்பு, பப்படம். கோபத்தில் சமைத்தாலும் உப்பு சரியாக இருந்தது. முன்னறையில் புவனேந்திரன் வயரை இழுத்துப் பார்த்து, நாற்காலியை டிவிக்குப் பக்கமாக நகர்த்தி, மறுபடி பின்னால் தள்ளி, மறுபடி நகர்த்திக்கொண்டிருந்தார்.

ரஜீவும் ஜெயந்தினியும் மழைத் தூறலோடு வந்தார்கள். ரஜீவ் உடம்பு வைத்திருந்தான். கண்ணாடி போட்டிருந்தான். ஜெயந்தினி கையில் பேரீச்சம்பழப் பெட்டி.

"வா" என்றார் புவனேந்திரன்.

"ம்" என்றான் ரஜீவ்.

ஆறு வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி பேசிக்கொண்டது இவ்வளவுதான். மிச்சத்தைப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். பாதை எப்படி, மழை எப்படி, பண்டாரவளையில் மரக்கறி என்ன விலை. ரஜீவ் சாப்பிட்டான். இரண்டாம் தரம் குழம்பு ஊற்றியபோது கை காட்டி மறிக்கவில்லை. சிவசக்திக்குப் பாதி உயிர் வந்தது. மீதிப் பாதி அந்தச் செங்கட்டிச் சதுரங்களில் மாட்டிக்கொண்டு கிடந்தது.

கை கழுவி வந்த ரஜீவ் டிவிக்கு முன்னால் நின்றுவிட்டான். திரையில் பழைய ஆட்டத்தின் முகப்பு மின்னி மின்னி நின்றது. இரண்டு பேர் சேர்ந்து ஓடிச் சுடுகிற ஆட்டம். அவன் கண்ணாடியைச் சரி செய்தான்.

"ஒக்காரு" என்றார் புவனேந்திரன்.

ரஜீவ் உட்கார்ந்தான். டீபோவில் இரண்டு சதுரமும் கிடந்தன. அவன் கை யோசிக்காமல் மொட்டையானதை நோக்கிப் போனது. தேயிலைத் தண்ணித் தட்டோடு வந்த சிவசக்தி அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

புவனேந்திரன் முந்திக்கொண்டு மொட்டையை எடுத்தார். மற்றதை இடுப்பில் கட்டியிருந்த சாரத்து நுனியில் துடைத்துத் தம்பியிடம் நீட்டினார். "இந்தா."

"இது ஒன்னோடதுல்ல?"

"இனி ஒன்னோடது. நான் இதுல ஆடுறேன்."

சிவசக்திக்கு அப்போதுதான் விளங்கியது. ஒரே மாதிரி இரண்டு வாங்கியிருந்தால் கொடுப்பதற்கு ஒன்றும் இருந்திருக்காது. கடைப் படியில் தான் பேசிய பேச்சை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா இந்த மனிதர் என்று கோபமாகவும் இருந்தது. தேயிலையைக் கொடுக்காமலேயே அடுப்படி வாசலில் நின்றுவிட்டாள்.

ரஜீவ் அந்தச் சதுரத்தை இரண்டு கையாலும் பிடித்தான். கட்டைவிரல் பொத்தான் மேல் போய் நின்றது. அமுக்கவில்லை. முகப்புப் பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து பாடத் தொடங்கியது. புவனேந்திரனின் கையில் இருந்ததில் செய்வதற்கு ஒன்றுமில்லை. தம்பி அமுக்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"ஏண்ணே அன்னைக்கு எனக்காக நிக்கல?" என்றான் ரஜீவ், டிவியைப் பார்த்தபடி.

மழை பெய்தது, பாதை மூடிக் கிடந்தது, உடம்பு தாங்காது என்று ஊரார் சொன்னார்கள். இதெல்லாம் சிவசக்தி கேட்டுப் பழகிய பதில்கள். அவற்றில் ஒன்று வரும் என்றுதான் காத்திருந்தாள்.

"பெருசுங்க எல்லாம் எடு, எடுன்னாங்க" என்றார் புவனேந்திரன். "என் தம்பி வரட்டும்னு நான் ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பாங்க. அந்த வார்த்தய நான் சொல்லல."

"ஏன்?"

"மூத்தவன் நான்தானேன்னு ஒரு நெனப்பு. எல்லாத்தையும் நான்தான் செஞ்சு முடிக்கணும்னு ஒரு திமிரு. நீ வேன்ல இருந்து எறங்கி என் மூஞ்சியப் பாத்தியே, அப்பத்தான் செஞ்சது தெரிஞ்சுச்சு. அம்மாவுக்கும் துரோகம், ஒனக்கும் துரோகம்."

பாட்டு இன்னொரு முறை முடிந்து தொடங்கியது. ரஜீவ் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தான். துடைத்துத் துடைத்து நேரம் போனது.

"வர்ற ஐப்பசித் திவசத்த நான் செய்றேன்" என்றான்.

"நீதான் செய்யணும். நீ வர்ற வரைக்கும் நான் அரிசிகூடக் களைய மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி."

ரஜீவ் பொத்தானை அமுக்கினான். திரையில் இரண்டு குட்டி மனிதர்கள் குதித்து இறங்கினார்கள். அண்ணன் முதல் குழியிலேயே விழுந்தார். "அங்க இல்லண்ணே, மேல, மேல!" என்று தம்பி கத்தினான். "மூல குத்துதுடா" என்றார் இவர். பிறகு தம்பியும் விழுந்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். சிவசக்தி தேயிலைத் தட்டை மேசையில் வைத்துவிட்டு முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

அடுப்படியில் ஜெயந்தினி பீங்கான்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் குழாயை மூடினாள்.

"அக்கா, அவரு இன்னும் சொல்லலியா?"

"என்னத்த?"

"கம்பனியில திரும்பக் கூப்பிட்டுட்டாங்க. ஐப்பசி பொறக்க முன்னாடியே பயணம். டிக்கெட்டும் வந்துருச்சு. போயிட்டா ரெண்டு வருஷத்துக்கு லீவு இல்ல. அதச் சொல்லிட்டுப் போகத்தான் இன்னைக்கு வந்தோம்."

"இப்பத்தானே திவசத்த நான் செய்றேன்னான்?"

"அதான் எனக்கும் வெளங்கல அக்கா. போற எண்ணத்த விட்டுட்டாரா, அந்த நேரத்துக்கு வாயில வந்துருச்சா, தெரியல."

சிவசக்தி முன்னறையை எட்டிப் பார்த்தாள். புவனேந்திரன் மொட்டைச் சதுரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தம்பி மறுபடி தொடங்கட்டும் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கட்டிக்கொண்ட மனிதரை அவளுக்குத் தெரியும். சொன்னால் சொன்னதுதான். ஐப்பசியில் அந்த நாள் வரும். விடியற்காலையில் குளித்துவிட்டு வாசலைப் பார்க்க நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்து வர மாட்டார்.

இந்த முறை அவர் காத்திருப்பார். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.